பசுந்தாள் செடியின் வேர் முடிச்சு: யூரியாவைக் குறைக்கும் முன் வேரைப் பாருங்கள்

தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி போன்ற பசுந்தாள் செடிகளை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் நிலத்துக்குத் தழைச்சத்து கிடைக்கும் என்பது விவசாயிகள் பலரும் அறிந்ததுதான். அடுத்து நடும் நெல்லுக்கு யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதும் வழக்கமான பரிந்துரைதான். ஆனாலும், ஒரே மாதிரி தக்கைப்பூண்டு மடக்கிய இரண்டு வயல்களில் ஒன்றில் பயிர் கரும்பச்சையாக நிற்கும். மற்றொன்றில் நட்ட மூன்றாவது வாரமே வெளிறத் தொடங்கும்.

இதற்குக் காரணம் பல இருக்கலாம். அவற்றில் நாம் அதிகம் கவனிக்காமல் விடுவது செடியின் வேர் முடிச்சுகளைத்தான். மேலே செடி எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், வேரில் வேலை செய்யும் முடிச்சு இல்லை என்றால், அந்தச் செடி உங்கள் மண்ணில் இருந்த தழைச்சத்தையே எடுத்து வளர்ந்திருக்கிறது. மடக்கி உழும்போது அதே சத்துதான் திரும்ப மண்ணுக்கு வருகிறது. அதை நம்பி யூரியாவைக் குறைத்தால் பயிர் ஏமாந்துவிடும்.

எனவே வேர் முடிச்சு என்பது என்ன, அதைப் பார்ப்பது எப்படி, இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

வேர் முடிச்சு எப்படி உருவாகிறது?

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், அதாவது தழைச்சத்துதான். ஆனால் காற்றில் இருக்கும் வடிவில் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களால் மட்டுமே அதை அம்மோனியாவாக மாற்ற முடியும். பயறு வகைச் செடிகளின் வேரில் குடியிருந்து இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களைப் பொதுவாக ரைசோபியம் என்கிறோம். இந்த உறவை 1880களில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ரீகல், வில்ஃபார்த் ஆகியோர் நிரூபித்தனர். 1888இல் நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார்.

விதை முளைத்ததும் வேர் ஒருவகைப் பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அந்த அழைப்பை உணர்ந்து ரைசோபியம் வேர்த்தூவிக்கு அருகில் வந்து, பதிலுக்குத் தானும் ஒரு பொருளை வெளியிடுகிறது. இரண்டும் பொருந்தினால் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே விடுகிறது. பிறகு வேரின் உட்பகுதி பருத்து முடிச்சாகிறது. விதைத்து 2 முதல் 3 வாரங்களில் முடிச்சுகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

இது கொடுக்கல் வாங்கல் ஏற்பாடு. செடி தன் இலையில் தயாரித்த சர்க்கரையைப் பாக்டீரியாவுக்குக் கொடுக்கிறது. பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை மாற்றிச் செடிக்குக் கொடுக்கிறது. இந்த வேலை நடக்கும் இடத்தில் ஆக்சிஜன் அதிகமாக இருக்கக்கூடாது. அதைக் கட்டுப்படுத்த, நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணுப் பொருளைப் போன்ற ஒன்றைச் செடி முடிச்சுக்குள் உருவாக்குகிறது. வேலை செய்யும் முடிச்சை வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இதனால்தான்.

எல்லாச் செடியும் முடிச்சு போடாது

அவரை போலக் காய் காய்க்கும் செடி எல்லாமே தழைச்சத்தைப் பிடித்துவைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆவாரை, தகரை, சீமை அகத்தி, மஞ்சள் கொன்றை, புளி ஆகியவற்றின் வேரில் முடிச்சு உருவாவதில்லை. எருக்கு, ஆடாதொடை, நொச்சி, வேம்பு, புங்கன் என்று பலவற்றின் தழையை வயலில் போட்டு மிதிக்கிறோம். இவற்றில் புங்கன் முடிச்சு போடும் மரம். மற்ற நான்கிலும் முடிச்சு இல்லை. அவற்றின் தழையும் நல்ல உரம்தான். ஆனால் அது ஓரிடத்து மண்ணின் சத்தை இன்னோர் இடத்துக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவே. காற்றிலிருந்து புதிதாகச் சத்து சேர்ப்பவை முடிச்சு போடும் செடிகள் மட்டுமே.

எந்த நிலத்துக்கு எந்தச் செடி?

தக்கைப்பூண்டு: நீர் தேங்கும் வயல், களர், உவர் நிலம் ஆகியவற்றுக்கு ஏற்றது. ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். 45 நாளில் மடக்கி உழலாம்.

சணப்பு: வடிகால் உள்ள நிலத்துக்கு ஏற்றது. நீர் தேங்கினால் தாங்காது. ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதை தேவை. வேகமாக வளர்ந்து களையை அமுக்கும். தாமதித்தால் தண்டு நாராகிவிடும்.

கொழிஞ்சி: மணற்பாங்கான, லேசான நிலத்துக்கும் வறட்சிக்கும் ஏற்றது. மெதுவாக வளரும். ஆடு மாடு விரும்பித் தின்னாது என்பதால் மேய்ச்சல் தொல்லை குறைவு. விதை விழுந்து மறு வருடம் தானாக முளைப்பதும் உண்டு. விதையின் மேல்தோல் கடினமானது. எனவே கொதித்த நீரில் 2 முதல் 3 நிமிடம் மட்டும் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் அலசி, உலர்த்தி விதைக்க வேண்டும்.

மணிலா அகத்தி: ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் ஆராயப்பட்டு உலகம் முழுவதும் பரவிய செடி. இதற்கு வேரில் மட்டுமல்லாமல் தண்டிலும் முடிச்சு வரும். தண்டில் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்ததுபோல் இருப்பவை அவைதான். நீர் நின்று வேருக்குக் காற்று கிடைக்காத நேரத்திலும் தண்டு முடிச்சு வேலை செய்யும். தண்டு முடிச்சு வெளியே பச்சையாக இருக்கும். அதைக் கண்டு கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். பகல் நேரம் குறைவான மாதங்களில் விதைத்தால் சீக்கிரம் பூத்து, குட்டையாக நின்றுவிடும். பகல் நீண்ட கோடை மாதங்களில் விதைப்பதே லாபம்.

வேரைப் பார்ப்பது எப்படி?

விதைத்து 25 முதல் 30 நாளில் ஒருமுறை பாருங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். மண்வெட்டி, ஒரு வாளித் தண்ணீர், ஒரு பிளேடு இருந்தால் போதும்.

1. வயலின் ஓரத்தில் மட்டும் பார்க்காமல், நான்கைந்து இடங்களில் இரண்டிரண்டு செடியாக எடுங்கள்.

2. செடியைக் கையால் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். செடியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு வெட்டி எடுங்கள்.

3. மண்கட்டியோடு வாளித் தண்ணீரில் சற்று நேரம் ஊறவிட்டு, மெதுவாக அலசுங்கள்.

4. முடிச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆணிவேரின் மேற்பகுதியிலும் அதை ஒட்டிய பக்க வேர்களிலும் பருமனான முடிச்சுகள் இருந்தால் நல்லது. நுனி வேரில் மட்டும் சிறுசிறு முடிச்சுகள் இருந்தால், பாக்டீரியா தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

5. பெரிய முடிச்சுகள் சிலவற்றை பிளேடால் இரண்டாக வெட்டி, உடனே நிறத்தைப் பாருங்கள்.

உள்ளே இளஞ்சிவப்பு அல்லது சிவப்பு: முடிச்சு நன்றாக வேலை செய்கிறது.

உள்ளே வெள்ளை: செடி இளசாக இருந்தால் முடிச்சு இன்னும் முதிரவில்லை என்று கொள்ளலாம். ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். அப்போதும் வெள்ளையாகவே இருந்தால், குடியிருப்பது பயன் தராத பாக்டீரியா. செடியின் சர்க்கரையைத் தின்றுகொண்டு, பதிலுக்கு எதுவும் தராமல் இருக்கும் இனங்களும் மண்ணில் உண்டு.

உள்ளே பச்சை அல்லது பழுப்பு, நசுக்கினால் கூழ் அல்லது வெறும் தோல்: முடிச்சு வேலையை முடித்துவிட்டது. பூத்துக் காய் பிடிக்கும் செடியில் இது இயல்பு. 30 நாள் செடியில் இப்படி இருந்தால் வறட்சி, நீர்த் தேக்கம் அல்லது வேறு பாதிப்பு இருக்கிறது.

நூற்புழு முடிச்சோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

வேர் முடிச்சு நூற்புழு தாக்கினாலும் வேரில் முண்டு முண்டாகத் தெரியும். இரண்டையும் பிரித்து அறிவது எளிது. ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் மணி கோத்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தேய்த்தால் தனியே உதிரும். நூற்புழு தாக்கியதில் வேரே வீங்கியிருக்கும். தேய்த்தால் உதிராது, இழுத்தால் வேர்தான் அறும். வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு இருக்காது. நூற்புழு என்று தெரிந்தால், அடுத்து அந்த நிலத்தில் தக்காளி, கத்தரி, வெண்டை வைக்கும் முன் யோசிக்க வேண்டும். அவற்றையும் இந்தப் புழு கடுமையாகத் தாக்கும்.

முடிச்சு வராததற்குக் காரணங்கள்

பொருத்தமான பாக்டீரியா இல்லாதது: எல்லா ரைசோபியமும் எல்லாச் செடிக்கும் பொருந்தாது. தட்டைப்பயறு, உளுந்து, பாசிப்பயறு, துவரை, நிலக்கடலை, சணப்பு ஆகியவை ஒரே கூட்டத்து பாக்டீரியாவை ஏற்கும். எனவே கடலை, பயறு போட்ட நிலத்தில் சணப்புக்கு முடிச்சு தானாக வர வாய்ப்பு அதிகம். தக்கைப்பூண்டு அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. அதற்குரிய பாக்டீரியா தனி. தக்கைப்பூண்டை முதன்முதலாக விதைக்கும் நிலத்தில் முடிச்சு குறைவாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

மண்ணில் தழைச்சத்து மிகுந்திருப்பது: முன் பயிருக்கு யூரியா அதிகம் இட்டிருந்தாலோ, பசுந்தாள் செடி வேகமாக வளரட்டும் என்று யூரியா தூவினாலோ முடிச்சு குறையும். மண்ணிலேயே சத்து கிடைக்கும்போது பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வாங்க வேண்டிய தேவை செடிக்கு இல்லை. எனவே பசுந்தாள் செடிக்கு யூரியா இட வேண்டாம்.

மணிச்சத்துக் குறைவு: முடிச்சு உருவாகவும் வேலை செய்யவும் மணிச்சத்து அவசியம். மண் பரிசோதனையில் மணிச்சத்து குறைவு என்று வந்தால், நெல்லுக்கு இடவிருக்கும் சூப்பர் பாஸ்பேட்டில் ஒரு பகுதியைப் பசுந்தாள் விதைப்பின்போதே அடியுரமாக இடலாம். மடக்கி உழும்போது அந்தச் சத்தும் நெல்லுக்குத் திரும்பக் கிடைக்கும்.

அமில மண்: மண் மிகவும் புளித்திருந்தால் பாக்டீரியா பிழைக்காது. முடிச்சுக்குத் தேவையான மாலிப்டினம் என்ற நுண்சத்தும் கிடைக்காமல் போகும். மண் பரிசோதனை முடிவுப்படி சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்ய வேண்டும்.

ரைசோபியம் விதை நேர்த்தி

10 கிலோ விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து, விதை மீது தெளித்து, எல்லா விதையிலும் கறுப்பாக ஒட்டும்படி புரட்டுங்கள். நிழலில் 30 நிமிடம் உலர்த்தி, அன்றே விதைத்துவிடுங்கள். கஞ்சி சூடாக இருந்தால் பாக்டீரியா செத்துவிடும். வெயிலில் உலர்த்தினாலும் அப்படியே.

பொட்டலம் வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். எந்தப் பயிருக்கானது என்று எழுதியிருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா, கடையில் வெயில் படாமல் வைத்திருந்தார்களா? உள்ளே இருப்பது உயிருள்ள பொருள். வெயிலில் கிடந்த பொட்டலம் வெறும் கரித்தூளுக்குச் சமம்.

பூஞ்சாணக்கொல்லி கலந்த விதை என்றால், குறைந்தது 24 மணி நேரம் கழித்து ரைசோபியம் கலக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. கொழிஞ்சி போன்ற கடின விதைக்கு வெந்நீர் நேர்த்தி முதலில், விதை நன்கு ஆறி உலர்ந்த பிறகே ரைசோபியம்.

ரைசோபியம் கிடைக்காத இடங்களில், சென்ற ஆண்டு தக்கைப்பூண்டில் நல்ல சிவப்பு முடிச்சு இருந்த வயலின் மேல்மண்ணைக் கொஞ்சம் எடுத்து, விதையோடு கலந்து தூவலாம். ஆனால் அந்த வயலில் நூற்புழு, வேரழுகல் இல்லை என்று உறுதி செய்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

மடக்கி உழும் நேரமும் கணக்கும்

முடிச்சு பிடிக்கும் தழைச்சத்து முடிச்சிலேயே தங்கியிருப்பதில்லை. பெரும்பகுதி இலைக்கும் இளந்தண்டுக்கும் போய்விடுகிறது. வேரிலும் முடிச்சிலும் இருப்பது சிறு பங்குதான். எனவே மேல் செடியை மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டு, வேர் மண்ணில் இருக்கிறதே என்று திருப்தி அடைவதில் பயன் குறைவு. காய் முற்றவிட்டால் சத்து விதைக்குப் போய்விடும். துவரை, உளுந்து அறுவடை செய்த நிலத்திலும் இதே கதைதான். பருப்போடு பெரும்பகுதி வீட்டுக்கு வந்துவிடுகிறது. உதிர்ந்த இலையும் வேரும் தருவதே மண்ணுக்கு மிஞ்சுவது.

பூ எடுக்கத் தொடங்கும் தருணம், அதாவது 45 நாளை ஒட்டி, மடக்கி உழ ஏற்ற நேரம். அப்போது செடி இளசாக இருப்பதால் விரைவில் மக்கும். 60 நாளைத் தாண்டினால் தண்டு கட்டையாகி, மக்குவதற்கு நாளாகும். அப்படி மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தையே கொஞ்ச காலம் பிடித்தும் வைத்துக்கொள்ளும். நெல் வயலில் மடக்கி உழுது, தண்ணீர் நிறுத்தி, 7 முதல் 10 நாள் கழித்து நடவு செய்யலாம்.

எவ்வளவு சத்து சேரும் என்பதை நீங்களே கணக்கிடலாம். உழுவதற்கு முன், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்தில் உள்ள செடிகளை அடியோடு அறுத்து எடை போடுங்கள். மூன்று இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 2 கிலோ இருந்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 8 டன். பச்சைத் தழை எடையில் சுமார் அரை சதவீதம் தழைச்சத்து என்று வைத்தால், அது 40 கிலோ. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் தழைச்சத்து 20.7 கிலோ. ஆக, 8 டன் தழையில் இருப்பது இரண்டு மூட்டை யூரியாவில் உள்ள சத்துக்கு ஏறத்தாழ சமம்.

யூரியாவை எவ்வளவு குறைக்கலாம்?

அந்த இரண்டு மூட்டையும் முதல் பயிருக்கே கிடைத்துவிடாது. ஒரு பகுதி மக்கு வடிவில் மண்ணில் தங்கும். ஒரு பகுதி முன்பே மண்ணில் இருந்து செடி எடுத்தது. எனவே இப்படி முடிவு செய்யுங்கள்:

முடிச்சு நிறைய, உள்ளே சிவப்பு, தழையும் 8 டன் அளவுக்கு: முதல் முறை ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவைக் குறைக்கலாம்.

முடிச்சு உண்டு, ஆனால் தழை குறைவு: அரை மூட்டை மட்டும் குறைத்துப் பாருங்கள்.

முடிச்சு இல்லை அல்லது உள்ளே வெள்ளை: யூரியாவைக் குறைக்க வேண்டாம். மடக்கி உழுவதால் மண் பொலபொலப்பாகும், அந்தப் பயன் உண்டு. 25 நாள் கடந்த செடிக்கு ரைசோபியம் இட்டு இந்தப் பருவத்திலேயே பெரிய பலன் எடுக்க முடியாது. அடுத்த முறை விதை நேர்த்தியிலிருந்து தொடங்குங்கள்.

எந்த நிலையிலும் மேலுரத்தை இலை வண்ண அட்டை பார்த்து இடுங்கள். இலை பச்சையாக இருக்கும்வரை யூரியா தேவையில்லை. வெளிறினால் தாமதிக்காமல் இடுங்கள்.

வரப்பிலும் தீவனத்திலும்

வரப்பில் கிளைரிசிடியா நட்டால் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை தழை அறுக்கலாம். இதன் வேரிலும் முடிச்சு உண்டு. கிளையை வெட்டும்போது இலை போய்விடுவதால் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை வருவது நின்று, பழைய முடிச்சுகள் பல உதிர்ந்துவிடும். துளிர்த்த பிறகு புது முடிச்சு வரும். எனவே மொட்டையடித்ததுபோல் அடிக்கடி வெட்டாமல், துளிர்க்க இடைவெளி கொடுங்கள்.

வேலிமசால் தீவனச் செடிக்கும் இது பொருந்தும். அதன் தழைச்சத்து மாட்டின் வழியாகச் சாணத்துக்கும் கோமியத்துக்கும் போகிறது. அவற்றை வயலுக்குக் கொண்டுவந்து சேர்த்தால்தான் நிலத்துக்கு லாபம்.

சவுக்குக்கு வேறு பாக்டீரியா

சவுக்கு பயறு வகை அல்ல. அதன் வேரிலும் முடிச்சு உண்டு, ஆனால் அதில் இருப்பது ரைசோபியம் அல்ல, பிரான்கியா என்ற வேறு நுண்ணுயிர். லடாக் பகுதியில் வளரும் கடல் பக்தார்ன் என்ற முட்புதரிலும் இதே பிரான்கியாதான் இருக்கிறது. சவுக்கு முடிச்சு பவளம்போல் கொத்துக் கொத்தாக, கட்டையாக இருக்கும். பல ஆண்டு நிலைத்தும் இருக்கும். சவுக்குக்கு ரைசோபியம் வாங்கி இடுவதால் பயனில்லை. நாற்று வாங்கும்போது சிலவற்றின் வேரைப் பாருங்கள். முடிச்சு இல்லை என்றால், பிரான்கியா இட்டு வளர்த்தார்களா என்று நாற்றங்காலில் கேளுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

பசுந்தாள் விதைக்கும் முன் அதற்குரிய ரைசோபியத்தால் விதை நேர்த்தி செய்யுங்கள். 25 முதல் 30 நாளில் வேரை வெட்டிப் பாருங்கள். பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுங்கள். உழுவதற்கு முன் ஒரு சதுர மீட்டர் தழையை எடை போடுங்கள். பார்த்ததையும் எடையையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டு மூன்று பருவம் எழுதினால், உங்கள் வயலில் யூரியாவை எவ்வளவு குறைக்கலாம் என்பது உங்களுக்கே தெளிவாகும். ரைசோபியம், மண் பரிசோதனை, இலை வண்ண அட்டை ஆகியவற்றுக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகுங்கள்.